கள்ளிப்பெட்டியில் சேர்ந்த பம்பரங்கள்

எறிந்து விளையாடும் பொருள்களுள் பம்பரத்தைப் போல ஒரே வீச்சில் மூன்று இடங்களில் சோதிக்கப்படுவது அரிது. எறியும் கை அதன் தலையைப் பற்றுகிறது, சுற்றப்பட்ட சாட்டை அதன் உடலைப் பற்றுகிறது, தரையில் இறங்கிய கணம் முதல் அதன் முழு எடையையும் ஆணியின் நுனி தாங்குகிறது. கைக்கு வாகாகச் செய்தால் சாட்டை வழுக்குவதும், சாட்டைக்கு ஏற்பப் பள்ளம் வெட்டினால் மரம் அந்த இடத்தில் பலம் இழப்பதும், மரத்தைக் கனமாக்கினால் சிறுவனின் கை தளர்வதும் இத்தொழிலில் ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் இடர்கள் ஆகும். ஆகவே பம்பர வடிவமைப்பு என்பது இம்மூன்று பற்றுகளுக்கும் இடையே ஓர் உடன்பாட்டைத் தேடும் வேலையாகவே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்திருக்கிறது.

இங்கே தொகுக்கப்படுபவை அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் 1979 முதல் உளி பிடித்துவரும் கட்டுரையாளரின் அனுபவத்தில் தெளிந்தவை. கடைசல் என்பது சுழலும் மரக்கட்டையின்மேல் உளியைச் சாய்த்துப் பிடித்து உருண்டை வடிவங்களை எடுக்கும் தொழில். அவ்வூர் சொப்புச் சாமான்களுக்கு, அதாவது குழந்தைகள் சோறு பொங்கி விளையாடும் சிறு மரப்பாத்திரங்களுக்கு, நெடுநாளாகப் பெயர்பெற்றது. பம்பரம் அங்கே எப்போதும் இரண்டாம் இடத்துச் சரக்காகவே இருந்தது. சொப்புக்கும் தொட்டில் காலுக்கும் நல்ல கட்டைகளை எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய துண்டுகளே பம்பரத்துக்கு ஒதுக்கப்பட்டன. பம்பரத்தின் பழைய குறைகளுள் பெரும்பாலானவை இந்த ஒதுக்கீட்டிலிருந்தே பிறந்தவை என்பது பின்னர்தான் விளங்கியது. ஏனெனில் சொப்பு அலமாரியில் இருக்கும் பொருள், பம்பரமோ அடிவாங்குவதற்கென்றே பிறந்த பொருள்.

அந்த அடியின் தன்மையை அறியாமல் வடிவமைப்பைப் பேச இயலாது. தென்மாவட்டங்களில் ஆடப்படும் பம்பர ஆட்டத்தில் தரையில் வட்டம் கிழித்து, தோற்றவனின் பம்பரத்தை அதற்குள் வைத்து, மற்றவர்கள் தங்கள் பம்பரத்தை ஓங்கி எறிந்து அதன் ஆணியால் உள்ளிருப்பதைக் குத்துவார்கள். இவ்வாறு விழும் குத்துத் தழும்புக்குப் பல ஊர்களில் ஆக்கர் என்று பெயர். ஆக்கர் நிறைந்த பம்பரம் அவமானத்தின் அடையாளம், பிளந்த பம்பரமோ பெரும் இழப்பு. பட்டறையின் மூத்த கடைசல்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்: உடைந்த பம்பரத்தைக் கொண்டுவரும் சிறுவனுக்குப் புதியது பாதி விலைக்குக் கிடைக்கும், உடைந்தது ஒரு கள்ளிப்பெட்டிக்குள் போகும். அடுப்பெரிக்கச் சேர்க்கிறார் என்றே தொழில் பழக வந்தவர்கள் எண்ணியிருந்தனர். ஓய்வு நாட்களில் அவர் அப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து, உடைந்த விதத்தின்படி பம்பரங்களைக் குவியல் குவியலாகப் பிரித்து நெடுநேரம் பார்த்திருப்பதைக் கண்டபிறகே அப்பெட்டியின் பயன் புரியலாயிற்று. இத்தொழிலில் கட்டுரையாளருக்குக் கிடைத்த பாடநூல் அந்தக் கள்ளிப்பெட்டிதான்.

முதல் பெரிய குவியல் எப்போதும் நடுவில் பிளந்தவற்றுடையது. இதற்கு மரத்தின் உள்ளமைப்பே காரணம். பருமனான கிளையை வெட்டி அப்படியே கடைந்தால் கிளையின் நெஞ்சு, அதாவது நடுவே ஓடும் மென்மையான சோற்றுப்பகுதி, பம்பரத்தின் நட்டநடுவில் அமையும். ஈரம் வற்றும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. நெஞ்சு நடுவிலிருக்கும் பம்பரம் காய்ந்தபின்னும் வட்டமாகவே இருக்கும், ஆனால் வளையங்கள் இழுபட்டு வெளியிலிருந்து நெஞ்சை நோக்கி மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த வெடிப்பின்மீது பிறன் பம்பரத்தின் ஆணி ஒருமுறை இறங்கினால் போதும். நெஞ்சை விலக்கி, பருத்த மரத்தைப் பிளந்தெடுத்த துண்டில் கடைந்தால் வெடிப்பு குறையும். ஆனால் ஈரத்தோடு கடைந்துவிட்டால் இருபோக்குச் சுருக்கத்தின் வேறுபாட்டால் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பம்பரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முட்டை வடிவம் கொண்டுவிடும். பார்வைக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர் சுழற்சியில் உதறலாக வெளிப்படும்.

இதற்குப் பட்டறை கண்ட தீர்வு இருமுறைக் கடைசல். ஈரக்கட்டையை முதலில் தேவைக்கு மேல் பருமனாகக் கடைந்து, வெட்டுவாய்களில் மெழுகு தடவி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் கிடக்கவிட்டு, பின்னர் இறுதி வடிவம் எடுப்பது என்பதே அது. வெட்டுவாய் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதை மெழுகு தடுக்கிறது. ஈரம் மெல்ல வெளியேறினால் வெடிப்பும் குறைகிறது. சில்லறைக் காசுக்கு விற்கும் பொருளுக்கு இரண்டு மாதக் காத்திருப்பா என்று தொடக்கத்தில் பட்டறைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. முறை மாறிய அடுத்த கோடை விடுமுறையில் நடுவில் பிளந்தவற்றின் குவியல் கண்கூடாகச் சிறுத்ததே அந்த எதிர்ப்புக்கு விடையாயிற்று.

மரத்தேர்வும் அதே பெட்டியின் வழியாகவே தெளிந்தது. அரக்குக் கடைசலுக்கு வெட்பாலை போன்ற வெளிறிய, இழை நெருங்கிய மரங்கள் மிகச் சிறந்தவை. நிறம் துலங்கும், உளிக்கு வெண்ணெய்போல் இணங்கும். அதே குணம் பம்பரத்துக்குப் பகையாகிறது, ஏனெனில் உளிக்கு எளிதில் இணங்கும் நேரிழை மரம் ஆணிக்கும் எளிதில் இணங்கிப் பிளக்கிறது. கொய்யாவும் புளியும் கருவேலும் குத்துக்கு நின்றன. இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஓடும் மரத்தில் ஆணி இறங்கினால் பள்ளம் விழும், பிளவு ஓடாது. கருவேலில் வைரம் பாய்ந்த பகுதி, அதாவது முதிர்ந்து கறுத்த உள்மரம், தனித்தன்மை உடையது. ஆனால் வைரமும் வெளிமரமும் ஒரே பம்பரத்தில் கலந்தால் ஒருபக்கம் கனம் மிகுந்து ஆட்டம் காட்டும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது பட்டறை அதையும் முயன்றது. மாவும் சர்க்கரையும் மிகுந்த அம்மரத்தை வெட்டிய உடனே போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்துவிடும் என்பதை ஒரு மழைக்காலத்துச் சரக்கு முழுவதையும் இழந்தபின்பே அறிய நேர்ந்தது.

1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டி மலையடிவாரத்து மரங்களை நம்பியிருந்த பழைய ஏற்பாடு முடிவுக்கு வந்தது. காடு காக்கப்பட வேண்டியதே என்பதில் கட்டுரையாளருக்கு ஐயம் இல்லை. பம்பரத்தைப் பொறுத்தவரை அது நன்மையாகவே முடிந்தது. தோட்டத்தில் கவாத்து செய்த கொய்யாக் கிளைகளையும், வீடு கட்ட வெட்டப்பட்ட புளியின் துண்டுகளையும் தேடி வாங்கும் பழக்கம் அதன் பின்னரே வேரூன்றியது.

இரண்டாவது குவியல் ஆணி தளர்ந்தவற்றுடையது. பம்பரத்தின் ஆணி மரத்தின் இழைப்போக்கிலேயே, வெட்டுவாயில் இறங்குகிறது. மரத்தில் ஆணியை மிகக் குறைவாகப் பற்றும் திசை அதுவே. மேலும் ஈரமரத்தில் அடித்த ஆணி, மரம் காயக்காயப் பிடியை இழக்கும். முற்காலத்தில் பம்பரத்தைக் கடைந்து கழற்றிய பிறகு கண்மதிப்பில் மையம் குறித்து மூன்று அங்குல ஆணியை நேரடியாக அடித்து, வெளியே நிற்கும் தலையை வெட்டி அரத்தால் நுனி தீட்டுவதே முறை. அதில் இரு பிழைகள் இருந்தன. கூரான முனை மரநார்களை ஆப்புப்போல் விலக்கிப் பிளவுக்கு வித்திட்டது. கண்மதிப்பின் தவறு ஆணியை அச்சிலிருந்து விலக்கியது. பின்னர் கூர்முனையைச் சுத்தியலால் சற்று மழுக்கி, கடைசல் இயந்திரத்தில் பம்பரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு, அதில் ஆணியை இறக்கும் முறை வந்தது. சுழற்சியின்போதே இடும் துளை தானாகவே அச்சில் அமைகிறது. இந்த ஒரு மாற்றம் பம்பரத்தின் ஓட்டத்துக்குச் செய்த உதவியை வேறெந்த மாற்றமும் செய்ததில்லை. உள்ளங்கையில் ஏந்தினால் பூப்போலச் சுற்றுகிறது என்று சிறுவர்கள் மெச்சும் பம்பரம் பெரும்பாலும் ஆணி அச்சில் நிற்கும் பம்பரமே.

பிடிமானத்தின் கதை இவற்றைவிடச் சிக்கலானது. 1984-இல் பட்டறைக்கு மின்மோட்டார் வந்தது. அதற்கு முன் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, கட்டை இருபுறமும் மாறிமாறிச் சுழல, ஒருபுறச் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டியது. மோட்டாரின் இடைவிடாத வேகத்தில் அரக்கு வேலை புதுப்பொலிவு பெற்றது. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வின் வெப்பத்தில் அது உருகிப் படியும். காய்ந்த தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். அந்த மினுமினுப்பில் மயங்கி, தலைமுதல் ஆணிவரை முழுவதும் அரக்கேற்றிய பம்பரங்களைப் பட்டறை அவ்வாண்டு கோடைக்கு அனுப்பியது. கடைக்காரர்கள் விரும்பி வாங்கினர். இரண்டு வாரத்தில் சிறுவர்கள் திரும்பி வந்தனர். “அண்ணாச்சி, கட்டை சாட்டையைப் பிடிக்க மாட்டேங்கு” என்று அவர்களுள் ஒருவன் சொன்ன சொல்லில் குறை முழுவதும் அடங்கியிருந்தது.

சாட்டை என்பது பம்பரத்தின் ஆணியில் தொடங்கி, அடிக்கூம்பில் நெருக்கமாக மேலேறச் சுற்றப்படும் முறுக்கு நூற்கயிறு. எறியும்போது சாட்டை வழுக்காமல் இழுத்தால்தான் கையின் விசை சுழற்சியாக மாறும். உருளையின்மேல் சுற்றிய கயிற்றின் பிடிப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் ஆராய்ந்திருக்கிறார். சுற்றுகள் கூடக்கூடப் பிடிப்பு கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கிறது என்பதே அதன் சாரம். இரு பரப்புகளுக்கிடையே உள்ள சொரசொரப்பின் அளவான உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், மூன்று சுற்றுகளில் கயிற்றின் ஒரு முனையிலுள்ள சிறுவிசை மறுமுனையில் ஏறக்குறைய 285 மடங்கு இழுப்பைத் தாங்கும். கெழு பாதியாகி 0.15 ஆனால் அது 17 மடங்காகச் சரியும். பளபளப்பு சற்றே கூடியதற்குப் பிடிமானம் ஏன் அவ்வளவு வீழ்ந்தது என்ற வியப்பு, கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஒருவர் இக்கணக்கைப் பட்டறைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டியபோது நீங்கியது. அந்த எழுத்தை வெள்ளையடிக்கும்போதுகூட நெடுநாள் அழிக்காமல் விட்டிருந்தனர்.

அதன்பின் அரக்கு தலைப்பகுதியோடும் தோளோடும் நிறுத்தப்பட்டது. அடிக்கூம்பு அரக்கில்லாத வெறும் மரமாக விடப்பட்டு, அதில் உளிமுனையால் வரிப்பள்ளங்கள் எடுக்கப்பட்டன. எவ்வளவு ஆழம் என்பதில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஆழ்ந்த பள்ளம் சாட்டையை நன்கு பற்றியது, ஆனால் விலகும் நேரத்தில் விட மறுத்துப் பம்பரத்தைச் சாய்த்து இழுத்தது. கள்ளிப்பெட்டியிலோ அப்பள்ளங்களின் வழியே மரம் வளையமாகச் சிதைந்த துண்டுகள் சேரத் தொடங்கின. கயிற்றின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழமும், கூர்விளிம்பில்லாத உருண்ட அடியும் உடைய பள்ளமே கடைசியில் நிலைத்தது. பருத்திச் சாட்டையின் இடத்தை நைலான் பிடித்தபோது இந்த அளவு மீண்டும் குலைந்தது. நைலான் அறாது, ஆனால் வழுவழுப்பானது, இழுத்தால் நீளும். எறிபவனின் வேகத்தில் ஒரு பகுதி கயிற்றை நீட்டுவதிலேயே செலவாகிவிடும். பள்ளத்தை மாற்றுவதைவிடப் பம்பரத்தோடு பருத்திச் சாட்டையையும் சேர்த்தே விற்பது என்று பட்டறை முடிவு செய்தது. பம்பரமும் சாட்டையும் ஒரே பொருளின் இரு பாகங்கள் என்ற அந்த முடிவைக் கட்டுரையாளர் இன்றும் சரியென்றே கருதுகிறார்.

கைப்பிடி பற்றிய சிந்தனை எல்லாவற்றிலும் பிந்தி வந்தது, அவ்வளவு பிந்தி வந்திருக்கக் கூடாது. பெரியவர்களின் கைக்குள் வைத்துப் பார்த்தே பம்பரத்தின் அகலம் தீர்மானிக்கப்பட்டு வந்தது. எடை விளிம்பில் இருந்தால் சுழற்சி நெடுநேரம் நிற்கும் என்பதால், அகலத்தைக் கூட்டும் ஆசை கடைசல்காரர் எவருக்கும் உண்டு. சுழற்சியைத் தாங்கும் திறன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. ஆனால் எட்டு வயதுச் சிறுவனின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைந்து பற்றக்கூடிய அகலம் ஐந்து சென்டிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது. அதற்கு மேற்பட்ட பம்பரத்தை அவன் உள்ளங்கையில் தாங்கி எறிகிறான், விரல்களால் திசை கொடுக்க இயலாமல் போகிறது. தலையை முழு உருண்டையாக விடாமல் சற்றே தட்டையாக்கி, தோளில் விரல் படியும் மெல்லிய பள்ளம் கொடுத்தபின் குறி தவறுவது குறைந்தது.

விளிம்பில் எடை கூட்டும் ஆசை மற்றொரு வழியிலும் சோதிக்கப்பட்டது. மலேசியாவின் கிளந்தானில் கசிங் எனப்படும் பெரும் பம்பரங்கள் விளிம்பில் உலோக வளையம் பெற்று, ஐந்து கிலோ வரை எடையோடு, மணிக்கணக்கில் சுழல்வதை அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர் விவரித்ததைக் கேட்டு, பட்டறையிலும் சில பம்பரங்களுக்குப் பித்தளை வளையம் பூட்டப்பட்டது. அவை மிக அழகாகச் சுழன்றன. ஆட்டக்களத்திலோ நான்கைந்து குத்துக்களில் வளையம் நெகிழ்ந்து கழன்றது. கிளந்தானில் நெடுநேரம் சுழல்வதற்கு ஒருவகையும் மோதுவதற்கு வேறொரு வகையும் தனித்தனியே உண்டு என்பது பின்னரே தெரியவந்தது. அம்மக்கள் இரண்டாகப் பிரித்துத் தீர்த்துக்கொண்ட முரணை நம் சிறுவர்கள் ஒரே கட்டையில் தீர்க்கும்படி கேட்கிறார்கள்.

நெகிழிப் பம்பரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லத்தக்கது. அச்சில் வார்த்த அவை பிளப்பதில்லை, வட்டம் பிசகுவதில்லை. ஆனால் உள்ளீடற்றவையாதலால் கனம் போதாது, வெயிலில் கிடந்தால் நொறுங்கும், ஆணி பதிந்த இடம் தேய்ந்து ஆணியே கழன்று வரும். சப்பானில் தகாரா நிறுவனம் 1999-இல் வெளியிட்ட பேபிளேடு சில ஆண்டுகளில் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தபோதுதான் பட்டறையின் கோடை விற்பனை முதன்முறையாகப் படுத்தது. பேபிளேடுக்கு முன்னோடி பெய்கோமா என்னும் வார்ப்பிரும்புச் சிறுபம்பரம். அதுவும் கயிறு சுற்றி எறியப்பட்டதே. புதிய பொம்மை அக்கயிற்றை நீக்கி, இழுவிசைப் பொறி ஒன்றை அதன் இடத்தில் வைத்தது. அதனால் முதல் நாளே எந்தக் குழந்தையும் அதைச் சுழற்ற முடிந்தது. மரப்பம்பரமோ ஒரு வாரப் பழக்கத்தைக் கேட்கிறது.

2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, ஐ.எஸ். 9873 என்னும் இந்தியத் தர நிர்ணயம் கட்டாயமாயிற்று. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்களின் பொருள்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், அத்தரத்தின் முதற்பகுதி கூர்முனைகளைப் பற்றியும் மூன்றாம் பகுதி ஈயம் முதலிய நச்சுப் பொருள்களைப் பற்றியும் கூறுவதைப் பட்டறை படித்துப் பார்த்தது பெரும் பயன் தந்தது. அரக்கேற்றிய இடத்தில் மலிவான எனாமல் பூசத் தொடங்கியிருந்த வழக்கம் அன்றோடு நிறுத்தப்பட்டது. வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் கையிலும் பம்பரம் போய்ச் சேரும் என்பதை நினைத்தால் அது முன்பே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆணியின் கூரும் மழுங்கியது. இதில் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது: உருண்ட நுனி தரையில் சறுக்கும்போது எழும் உராய்வே சாய்ந்த பம்பரத்தை மெல்ல நிமிர்த்தி நிற்க வைக்கிறது. அசைவே தெரியாமல் நிமிர்ந்து சுழலும் அந்நிலையைப் பம்பரம் உறங்குகிறது என்பர். கூராணி மண்ணைத் துளைத்துக்கொண்டு சாய்ந்தபடியே சுற்றும். உருண்ட ஆணி விரைவில் உறங்கும்.

இப்போது மண்தரை அருகிவிட்டது. சிறுவர்கள் சிமெண்டுத் தளத்திலும் ஓடு பதித்த மாடியிலும் எறிகிறார்கள்; கள்ளிப்பெட்டியில் நடுப்பிளவும் தளர்ந்த ஆணியும் குறைந்து, தோள் விளிம்பில் சில்லு பெயர்ந்தவை புதிய குவியலாக வளர்ந்து வருகின்றன. குறி தவறிய பம்பரம் பக்கவாட்டில் கட்டாந்தரையில் மோதுவதால் நேர்வது அது. விளிம்பின் வளைவை அரை மில்லிமீட்டர் கூடுதலாக உருட்டிய கொய்யாப் பம்பரங்கள் நாற்பது, சாட்டையோடு, பட்டறைக்கு எதிர்த்தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் சென்ற மாதம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆறு திரும்பி வந்துள்ளன. அவற்றுள் நான்கில் சில்லு இன்னும் பழைய இடத்திலேயே பெயர்ந்திருக்கிறது.